முதலைக்கு மாதப் பாஸ்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் காலைப் படகில் ஒரு முதலை மாதப் பாஸில் போய் வந்துகொண்டிருந்தது. அது பெண்ணெடுத்த வீடு அக்கரையில். வயதாகிவிட்டதால் நீந்தினால் மூச்சு வாங்கியது. டிக்கெட் கொடுப்பவருக்கு அதைப் பயணியாகக் கணக்கிடுவதா, வண்டியாகக் கணக்கிடுவதா என்று குழப்பம். நீளவாக்கில் படுப்பதால் ஸ்கூட்டர் கட்டணம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. முதலை அதை எதிர்த்து மனுக் கொடுத்தது.

இதைத்தான் நான் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தேன். எனக்கு அக்கரையில் வேலை எதுவும் கிடையாது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்து, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பேச்சுத் துணைக்காகப் படகு ஏறுகிறவன். போகும்போது ஒரு கதை, திரும்பும்போது அதன் மிச்சம். எங்கள் படகில் ஒரு சட்டம் உண்டு. கதைக்கு நடுவே 'பொய்' என்று வாய்விட்டவர் சாத்தம் ஜெட்டியில் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா யோகராஜின் சம்பளத்தில் ஒரு பகுதி அப்படித்தான் கரைந்தது.

"ஆகே போலோ தாத்தா," என்று மேலே சொல்லச் சொல்வான். "அந்த மனு என்ன ஆச்சு?"

"நிலுவையில இருக்குது."

"முதலைக்குமா?"

"முதலைன்னா மட்டும் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருவாங்களா?"

ஒருநாள் அவன் நான் கதை சொல்வதைப் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். நானும் நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் கண் புரை அறுக்க மெயின்லேண்டில் ஒரு பெரிய நகரத்துக்குப் போனேன். நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னொரு கண்ணையும் அங்கேதான் அறுக்க வேண்டியிருக்கிறது. தங்கியது கௌதமின் அறையில். எங்கள் படகில் வரும் சொர்ணம்மாவின் ஒரே மகன் அவன். அம்மா சாத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. மகன் அந்த நகரத்தில் செல்போன் கடையில் வேலை. அறைக்கு நேர் கீழே கடை.

நான் அங்கே இருந்தபோதுதான், குடிசைகளை இடிக்கப் போய்த் தகராறு மூண்டு, நகரம் எரிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் ஜன்னலருகே நின்றிருந்தேன். என் புதுக் கண் தெளிவாகப் பார்த்த முதல் காட்சி இதுதான். தெருமுக்கில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அந்தத் தொகுதியின் தலைவர் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியாலேயே எங்கள் பக்கத்துக் கடைகளைக் காட்டினார். கம்பிகளோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். கௌதம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். மீதியை அவன் இறக்கவில்லை.

இதில் முதலை எதுவும் கிடையாது.

தலைவர் அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை, வெளியூர்க் கோயிலில் இருந்ததாகச் சொன்னார். கலவரக்காரன் ஒருவன் பலி என்று கௌதமின் படத்தைப் பத்திரிகையில் போட்டார்கள். விசாரணைக் கமிஷன் அமைந்தது. நான் அதில் சாட்சி சொல்வதற்கு முன்னால் சொர்ணம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, தூக்குல போடுங்கன்னு நான் கேக்கல. அந்தாளு அங்க நின்னான்னு ஒரு வரி எழுதட்டும். என் புள்ள கடையச் சாத்தப் போனவன். கம்பு தூக்கப் போனவன் இல்ல."

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு மாடி அறையில், வீடியோ வழியாக விசாரணை. திரையில் நீதிபதி, பக்கத்துக் கட்டத்தில் தலைவரின் வக்கீல். எனக்குப் பின்னால் பெஞ்சில் சொர்ணம்மா. பார்த்ததைச் சொன்னேன். வக்கீல் குறுக்கிடவே இல்லை. முடித்ததும், யோகராஜ் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க. அன்னைக்குச் சவரம் பண்ணியிருக்கலாம்."

"படகில் முதலைக்கு மாதப் பாஸ் கொடுத்தாங்கன்னு சொல்றீங்க. அது உண்மையா, பொய்யா?"

அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உண்மை என்றால் கௌதம் போய்விடுவான். பொய் என்றால் முதலை போய்விடும். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. சொர்ணம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"பொய்ங்க," என்றேன்.

"சத்தமா."

"முதலை பொய். நானாக் கட்டினது. யாரும் சொல்லிக் குடுக்கல. முழுப் பொறுப்பும் என்னுதுதான்."

"ஆக, நீங்க பொய் சொல்றவர்."

"படகுல மட்டும். டிக்கெட் வாங்கினவங்க கேப்பாங்க, நான் சொல்லுவேன். ஆனா கௌதம் விஷயத்தை ஒருநாள்கூடப் படகுல சொன்னதில்லீங்க. வேணும்னா அங்க வர்றவங்களைக் கேளுங்க."

நீதிபதி தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். வக்கீலின் கட்டம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் கோளாறு என்றார்கள்.

பல மாதம் கழித்து அறிக்கை வந்தது. தலைவர் அந்த இடத்தில் இருந்தார் என்று ஒரு வரி. கௌதம் கலவரத்தில் ஈடுபட்டதற்கு ஆதாரமில்லை என்று ஒரு வரி. தன் கற்பனைக் கதையைத் தானே ஒப்புக்கொண்டதால் இந்தச் சாட்சியை நம்பலாம் என்றும் இருந்ததாம். தலைவர், நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். யார் நடத்தியது என்று சொல்லவில்லை. போலீஸ், உத்தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்றது. அத்தனை பெரிய நகரம் எரிந்ததில், தான் செய்ததை நான்தான் செய்தேன் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதுவும் முதலை விஷயத்தில்.

அதன் பிறகு படகில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஏறியதும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். யோகராஜ் என்னை ஐயா என்றான். ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியபோதும் என் வாயில் போர்ட் பிளேர்தான் வந்தது. ஆனால் தாத்தா ஐயாவானது மட்டும் ஒரே நாளில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கதை யாரும் கேட்கவில்லை. நான் செருமினால்கூடத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

ஒரு சாயங்காலம் சாத்தம் ஜெட்டியில் எல்லோருக்கும் டீ வாங்கினேன்.

"எதுக்கு ஐயா சிரமம்?" என்றான் யோகராஜ். "ஆபீஸ்ல குடிச்சிட்டேன்." மற்றவர்களும் எங்கோ குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தட்டோடு படகில் ஏறினேன். காகிதக் கப்புகள் காற்றில் ஆடின. சொர்ணம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"இது எதுக்குண்ணே?"

"பொய்னு வாய்விட்டவன் டீ வாங்கணும்ல. பாக்கி இருந்துச்சு."

அவள் குடித்தாள். படகு கிளம்பியது. பாதி வழி போனதும் சொன்னாள்.

"கௌதம் சின்னதுல ஒண்ணு கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பாஸ்னா போட்டோ ஒட்டணுமே, அந்த முதலைய ஸ்டூடியோவுக்கு யார் கூட்டிட்டுப் போனாங்க?"

"கேட்டிருக்கலாமே."

"பொய்னு சொன்ன மாதிரி ஆயிரும், எல்லாருக்கும் டீ வாங்கணும்னு பயந்துட்டான். நீங்க சொல்லுங்கண்ணே."

"அது பொய்னு நீதிபதி எழுதிட்டாரு, சொர்ணம்மா."

"அவரு டிக்கெட் வாங்கலையே."

அவள் தன் டிக்கெட்டை எடுத்து என் பக்கம் பெஞ்சில் வைத்தாள். பறக்காமல் அதன்மேல் கப்பை வைத்தாள். முன்வரிசையில் யாரும் திரும்பவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒரே ஆளுக்காக முதலையைக் கூப்பிடுவது சிரமம். அது கூட்டம் பார்த்துப் பழகியது. கூப்பிட்டேன். அது வந்து கதை தொடங்கட்டும் என்று, கரை நெருங்கும்வரை இருவரும் காத்துக்கொண்டிருந்தோம்.