படங்குக் கயிறு

"செவப்பு" என்றார் சுடலைமணி. ஆனால் ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னார்.

புருஷனின் அந்த ஒரு மூச்சு ராமலட்சுமிக்குப் புதிது. எட்டு மாதமாகக் காலை ஐந்தரைக்கு இது நடக்கிறது. அவள் கட்டிலில் படுத்து, எஸ்டேட் லயத்து வீட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே சேலையை விலக்குவாள். அவர் டார்ச் அடித்து, வயிற்றின் இடது பக்கம் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பைக்குள் எட்டிப் பார்த்து, வேலைக்கு ஆள் எண்ணும் மஸ்டரில் பேர் கொடுப்பவர் மாதிரி ஒரே வார்த்தை சொல்வார். உடனே அவள் எழுந்து பால் இல்லாத கட்டங்காப்பி போடப் போவாள். மலக்குடலில் புற்று என்று கோட்டயம் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, அறுத்து எடுத்து, மிச்சக் குடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே இழுத்துத் தைத்து, அதன்மேல் பை மாட்டி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அங்கத்து நர்ஸ் ஜிஜி சிஸ்டர் இருவரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். "சேச்சி, கீழுதட்டை மடக்கிப் பார்த்தா உள்ள என்ன கலர்? இது அந்தக் கலர்ல இருக்கணும். கறுத்துப்போனா என்னெ விளிக்கணும். நாளைக்கு அல்ல, அப்போழே!" சுடலைமணி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். ராமலட்சுமி சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்து ஈரமாக உட்கார்ந்திருப்பதை இன்றுவரை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பையின் வாயைத் திறந்து கொட்டுவதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்வாள். மாற்றுவது, துடைப்பது எல்லாம் அவர் கை.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தானட்டி சொல்லுதேன். எந்திரி, நேரமாச்சு."

டார்ச்சை அவர் எப்போதோ அணைத்திருந்தார்.

ஏழரைக்கெல்லாம் ராமலட்சுமி ஐந்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் நின்றாள். மழை விட்டிருந்தது, செடிகளில் சொட்டு நிற்கவில்லை. மற்றப் பெண்களைப் போல அவளும் கனத்த பிளாஸ்டிக் படங்கை மார்புக்குக் கீழிருந்து முழங்கால்வரை சுற்றி, இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். இறுக்காவிட்டால் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் படங்கைப் பிடித்து இழுத்துவிடும். பெண்களோடு பெண்ணாகப் பதினெட்டு வயதிலிருந்து கட்டுகிற கட்டு. கை தானாகவே இறுக்கும்.

வேலைக்குத் திரும்பி இன்று ஒன்பதாம் நாள். திரும்புவதற்கு டாக்டரின் காகிதம் வேண்டும் என்றது எஸ்டேட் ஆபீஸ். என்ன வேலை என்று ஜிஜி கேட்டபோது, "ஃபேக்டரில தூள் சலிக்க எடம், சிஸ்டர். ஒக்காந்த வேலைதான்" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள் ராமலட்சுமி. பொய். வேறு வழி தெரியவில்லை. சுடலைமணி போன வருஷமே கால் ஒடிந்து, கணக்கு முடித்து வேலையை விட்டு வந்துவிட்டார். இப்போது லயத்து வீடு நிற்பது அவள் பேரில். கொழுந்து எடுக்க லாயக்கில்லை என்று டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கே போவது? சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஒரு ஊரிலிருந்து தாத்தா வந்தார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"என்ன மதினி, எட்டு மாசம் சோறும் தூக்கமுமா இருந்துட்டு வந்தவ, கொழுந்த எண்ணி எண்ணி எடுக்க?" பக்கத்து வரிசையிலிருந்து சுருளியம்மாள் சீண்டினாள். "அண்ணன் ராத்திரி ஒறங்க விடலியோ?"

சுற்றிலும் சிரிப்பு. ராமலட்சுமியும் சிரித்துவைத்தாள். கயிற்றுக்குக் கீழே ஏதோ விண்ணென்று இழுத்தது.

அந்த ஒரு மூச்சு.

நேற்று? நேற்று அவர் டார்ச்சை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். முந்தாநாள் அவர் டார்ச்சை இரண்டு தடவை அடித்து அடித்து அணைத்தார். பேட்டரி தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். அதற்கு முந்தின நாள்? செடிமேல் இருந்த கை அப்படியே நின்றது. திரும்பிவிட்டதா? அறுத்து எடுத்தது, ஊசி ஊசியாக ஏற்றி எரித்தது, மறுபடி முளைத்துவிட்டதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் மனுஷன் செவப்பு செவப்பு என்று ஓதுகிறாரா?

பத்தரை மணிக்குச் சாயா குடிக்க எல்லோரும் கீழே இறங்கினார்கள். ராமலட்சுமி மேலே ஏறினாள். காட்டின் உச்சியில் ஒரு பாறை. எஸ்டேட்டிலேயே போனில் சிக்னல் இரண்டு கோடு விழுகிற இடம் அதுதான். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, கயிற்றைத் தளர்த்தி, படங்கை விலக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு திறந்தாள்.

நாவல் பழம். நன்றாகக் கனிந்த நாவல் பழத்தின் நிறம்.

அங்கேயே உட்கார்ந்து ஜிஜி சிஸ்டருக்குப் போன் போட்டாள்.

"சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாம மெதுவா சொல்லு" என்றாள் ஜிஜி. "வேதனை உண்டா? பையில போறது போகுதா? எத்தனை நாளா கறுப்பு?"

"தெரியல சிஸ்டர். அவருதான் பாப்பாரு."

ஜிஜி அடுத்ததைக் கேட்டாள். "இடுப்புல எதையாவது முறுக்கிக் கெட்டியிருக்கா?"

ராமலட்சுமி பாறையைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். கீழே புகையும் சாயாப் பானையும், அதற்கும் கீழே வரிசையாக லயத்துக் கூரைகளும் தெரிந்தன. மூன்றாவது கூரை அவளுடையது.

"சேச்சி, கேக்குதா?"

"கயிறு" என்றாள். "படங்குக் கயிறு."

"எந்து கயிறு? ஒக்காந்த ஜோலின்னல்லே பறஞ்சது?"

"பொய் சொன்னேன் சிஸ்டர்."

ஜிஜி திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "கயிறு இறுக்கி ரத்தம் நின்னதா இருக்கும். வேற ஏதாவதா இருக்கவும் செய்யும். கயிறை அவிழ்த்துப் போடு. பதினஞ்சு நிமிஷம் அசையாம இரு. பின்னெ பாரு. கலர் திரும்பலன்னா ஒரு நிமிஷம் நிக்காம வண்டி பிடிச்சு இங்க வா. திரும்பினா நாளைக்குக் காலைல வா, டாக்டர் கிட்ட உண்மையைச் சொல்லணும். ரெண்டுல எதானாலும் அந்தக் கயிறு இனி கெட்டக்கூடாது. மனசிலாயோ?"

ராமலட்சுமி கயிற்றை அவிழ்த்துப் பாறைமேல் போட்டாள். வயிற்றில் குறுக்கே விரல் பருமனுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"யாருகிட்ட மதினி ரகசியம்?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறி வந்த சுருளியம்மாள் பையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்தாள். குடல் புண் ஆபரேசன் என்றுதான் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சுருளியம்மாள் ஒரே எட்டில் அருகே வந்தாள். தன் படங்கை அவிழ்த்து இரண்டு கையாலும் திரைபோல விரித்துப் பிடித்தபடி முன்னால் நின்றுகொண்டாள்.

"எவ்வளவு நேரம் இப்பிடி மறைச்சு நிக்கணும்?"

"பதினஞ்சு நிமிஷம்."

கீழ் ரோட்டில் பைக் சத்தம் வந்து அணைந்தது. சூப்பர்வைசர் ஜோபி. "ராமலட்சுமி எவிடே?"

"அட்டை கடிச்சிருச்சு சாரே! எடுத்துக்கிட்டு இருக்கா!" திரைக்கு மேலாகக் கத்தினாள் சுருளியம்மாள்.

"அட்டைக்கு இத்தனை நேரமோ?"

"பெரிய அட்டை சாரே!"

அவர் ஏறத் தொடங்கிவிட்டார். ரப்பர் பூட்ஸ் சரளையில் நெரிபடும் சத்தம். சுருளியம்மாளின் கண் பாறைமேல் கிடந்த கயிற்றுக்குப் போனது. "கெட்டிக்கிடு மதினி. அவரு போனதும் அவுத்துக்கலாம். படங்கில்லாம நின்னா ஏன் எதுக்குன்னு கேப்பாரு."

ராமலட்சுமி கயிற்றைத் தொடவில்லை. கீழுதட்டை மடக்கிப் பிடித்தாள். மறுகையால் பையைச் சற்றுத் தூக்கினாள்.

"ரெண்டும் ஒரே நெறமா இருக்கா, பாரு."

சுருளியம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு மூச்சு தாமதித்தாள்.

ராமலட்சுமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானே குனிந்தாள். மேகம் விலகி வெயில் பைமேல் விழுந்தது. கறுப்பின் ஓரத்தில், நகக்கண் அகலத்துக்கு, ஏதோ செவப்பாக, ஈரமாக மினுங்கியது. இமைக்காமல் அதையே பார்த்தாள். பூட்ஸ் சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பாறைமேல் கயிறு, அவள் இடுப்பின் வளைவு இன்னும் கலையாமல், ஈரம் சொட்டிக்கொண்டு கிடந்தது.