இருபது மூச்சு

மனித குலம் விடும் மூச்சில் பாதி வெறும் பழக்கதோஷம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்தவன், ஆவணக் கிடங்கின் ஏழாம் கூடத்தில் பெட்டி தூக்கும் பம்பு. காற்றடிக்கும் பம்பு போல் அகன்ற நெஞ்சால் வந்த பெயர்.

விடிகாலை ஐந்தரைக்கே அவன் இரும்பு ஏணியில் இருப்பான். தோளில் இருபது கிலோ காகிதம். காகிதம் தீப்பிடிக்கக் கூடாதென்று கிடங்குக்குள் பிராணவாயுவைக் குறைத்து வைத்திருந்தார்கள். தீக்குச்சி உரசினால் சீறிவிட்டு அணைந்துபோகும். நாலு பெட்டி ஏற்றுவதற்குள் தலை கனக்கும். முழங்கால் யாருடையதோ போலாகும்.

ஒரு கூடத்துக்கு ஒரே ஆள். கத்தினால் பெட்டிகள்தான் கேட்கும். இரண்டு கூடம் தள்ளி அவன் மனைவி, ஏழு மாத வயிற்றோடு. ஒரே கூரையின் கீழ் கடிதம் போடும் தூரம்.

மணிக்கொருமுறை பெண்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து இருபது மூச்சு எண்ணிவிட்டு வருவார்கள். ஏற்பாடு ஏணியக்காவுடையது, கிடங்கில் மூத்தவள்.

"என்னக்கா, காத்து வாங்கவா? எனக்கும் அரைக் கிலோ கட்டிட்டு வாங்க" என்பான் பம்பு, கதவிடுக்கில் தலை நீட்டி.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்க வாயிலேயே வேண்டிய மட்டும் இருக்கே" என்பாள் மனைவி.

அந்த வாரம் மருத்துவமனையில் நர்ஸ் அவள் வயிற்றை இரண்டு தடவை அளந்தாள்.

"மாசத்துக்கேத்த வளர்ச்சி இல்ல. கர்ப்பப்பையும் தசைதாம்மா. மாசக்கணக்கா காத்து பத்தலைன்னா, விரிய வேண்டிய ரத்தக்குழாய் இறுகியே நிக்கும். பிள்ளைக்குப் போறது குறையும். பிரசவ நேரத்துல அந்தத் தசை எப்படிச் சுருங்கும்னும் சொல்ல முடியாது. இனி அங்க உள்ள போகாதே."

மறுநாள் ஏணியில் பம்புவுக்குக் கை ஓடவில்லை. அவள் வயிற்றிலும் ஒருத்தர், தனிக் கூடத்தில், கத்தினாலும் கேட்காத இடத்தில். பாதி மூச்சு பழக்கதோஷம் என்ற கண்டுபிடிப்பை அன்றோடு கைவிட்டான்.

ஏணியக்கா புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனாள். மாசமானவர்களுக்கு வெளிக் கொட்டகையில் வேலை, எல்லாருக்கும் மணிக்கொரு இடைவேளை: இவ்வளவே கேட்டாள்.

"மலை மேலயும் காத்து கம்மிதான், அங்க இருக்கறவங்க பிள்ளை பெறலையா?" என்றார் முதலாளி. அவர் அறை ஜன்னல் திறந்திருந்தது.

"அவங்க மலையிலேயே பொறந்தவங்க. நாங்க தினம் காலையில ஏறி சாயங்காலம் இறங்கறோம்" என்றாள் மனைவி.

"காகிதம் எரிஞ்சா யாரும்மா பொறுப்பு?"

"காகிதம் மூச்சு விடாது சார்" என்றாள் ஏணியக்கா.

"இனிமே வேலை நேரத்துல படியில உக்காந்தா, வேலையை விட்டுட்டதாத்தான் அர்த்தம்."

"அப்போ நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாருமா உக்காந்து பாக்கறோம். எத்தனை பேர் வேலையை விட்டோம்னு நீங்களே எண்ணிக்கோங்க" என்றாள் ஏணியக்கா.

மறுநாள் பத்து மணி. கூடத்துக்கு ஒருவராகக் கதவுகள் திறந்தன. இத்தனை நாளும் கதவிடுக்கில் முகம் மட்டும் பார்த்தவர்கள், முழு ஆளாகப் படியில் இறங்கினார்கள். மேற்பார்வையாளர் நோட்டை எடுத்துப் பெயர் எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் போதவில்லை.

பம்பு கடைசியாக வந்தான். மனைவி பக்கத்தில் கையகல இடம் விட்டிருந்தாள்.

"அரைக் கிலோ போதுமா?" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். கண்ணை மூடி, யாருக்கும் கேட்காமல், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.