தண்ணீர் பழுக்கும் வரை

உலகநாதனும் சுகந்தியும் குடியேற நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கியாகிவிட்டது. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கியது. ஹாலில் மேசைமேல் வைத்து, மணல் பரப்பி, தண்ணீரும் நிரப்பியாயிற்று. சுகந்திதான் இன்னும் வரவில்லை. அயனாவரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள்.

கோபித்துக்கொண்டு போனவள்தான். பின்னே? மனுஷன் சுத்தப் பைத்தியம். அவள் காபி குடித்து எழுந்தால் டம்ளர் இருந்த இடத்தைத் துடைப்பான். அப்புறம் அவள் உட்கார்ந்த இடத்தையும் துடைப்பான். "நான் செத்துட்டேன்னு வீட்டைக் கழுவி விடுறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தொட்டியில் தண்ணீர் பழுத்தால் வருவேன் என்று சொல்லியிருந்தாள். பழுக்காவிட்டால் வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள்.

வண்ணமீன் கடை காதர் பாய், கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சை உருவிக் கொடுத்தார். கன்னங்கரேலென்று கொழகொழத்தது.

"இதுல அழுக்கைத் தின்னுற பாக்டீரியா குடியிருக்கு சார். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. அப்படியே போட்டுட்டு, ஆறு வாரம் தொடாதீங்க. தண்ணி தானா பழுத்துடும்."

உலகநாதன் நன்றாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து, பஞ்சைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு, வெள்ளைவெளேரென்று அலசித் தொட்டிக்குள் வைத்தான். கை சும்மா இருக்குமா?

மறுநாள் காலை, தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரைத் திறந்துகொண்டு நீர் முதிர்ச்சி அலுவலர் ரெஜினா மேடம் வெளியே வந்தார். நல்ல உயரம். மோட்டார் சோப்புப் பெட்டி அளவுதான்.

"எத்தனை பேர் இறந்தாங்க?"

"எங்க மேடம்?"

"பஞ்சுல."

உலகநாதன் யோசித்தான். "ஒரு கோடி இருக்கும்."

"பேரெல்லாம் எழுதுங்க." படிவத்தை நீட்டினார். அது வராந்தா வரைக்கும் போயிற்று. இடம் போதாமல் வராந்தாவும் நீண்டது.

"பேரு தெரியாதுங்களே."

"வீட்டுக்குள்ள இருந்தவங்க பேரு தெரியாதா?"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இப்ப சுகந்தி எப்படி வருவா மேடம்?" என்றான்.

"யாராவது உள்ள இருந்து அழுக்குப் பண்ணாத்தான் பாக்டீரியா வரும். பாக்டீரியா வந்தாத்தான் யாரும் உள்ள இருக்கலாம்."

"அப்ப முதல்ல யார் இறங்குறது?"

"சுகந்தி வரணும்னு யாருக்கு இருக்கோ, அவங்க."

உலகநாதன் சட்டையோடு இறங்கினான்.

தினம் காலையில் மேடம் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"அமோனியா, கரும்பச்சை. கண்ணு எரியுதா?"

"எரியுதுங்க."

"எரியட்டும்."

மூன்றாவது வாரம் நைட்ரைட் பார்க்கும் இன்னொரு குழாய் ஊதாவாயிற்று. அவனுக்கு மூச்சு விட முடியவில்லை. மேடம் கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளோரின் போக ஒருநாள் வாளியில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறியது. உலகநாதன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அவள் காபி டம்ளர் வைத்த வட்டம் ஒன்றாவது மிச்சம் இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று இருந்தது. பாவி, ஒன்றுகூட விட்டு வைக்கவில்லை. அவள் இல்லாத வீடு அத்தனை சுத்தமாக இருந்தது.

ஆறாவது வாரம் அமோனியாக் குழாய் மஞ்சள், நைட்ரைட் குழாய் நீலம்.

"இதுலயும் பூஜ்யம், அதுலயும் பூஜ்யம். பழுத்துடுச்சு," என்று மேடம் கண்ணாடியில் ஒரு முத்திரை குத்திவிட்டு மோட்டாருக்குள் போனார்.

சாயங்காலம் சுகந்தி பஸ்ஸில் வந்தாள். தொட்டி ஓரமாகக் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இப்பத்தான் ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கு. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தான். அவள் இறங்கினாள். தெருப் புழுதி கரைந்து தண்ணீர் கலங்கியது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அவள் தோள் மட்டும் அவன் தோளில் வந்து இடித்தது.

அவன் அழுதான். தண்ணீருக்குள் அதைத் துடைக்க வழியில்லை.