இருபத்திரண்டுக்கு அடுத்த எண்

என் குரல் நாண்களில் முடிச்சு விழுந்து ஒரு வருடம் மருத்துவ விடுப்பில் இருந்தேன். இருபத்துநான்கு வருடம் வேதியியல் கத்தியதற்குக் கிடைத்த பரிசு. திரும்பவும் வேலைக்குப் போக அனுமதி தந்தபோது டாக்டர் ஒன்றைத்தான் சொன்னார். "கத்தாதீங்க. இன்னொரு தடவை வந்துச்சுன்னா வகுப்பறையை மறந்துட வேண்டியதுதான்."

செப்டம்பரில் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் விளையாட்டு ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். என் கோப்பையில் யாரோ பேனா போட்டு வைத்திருந்தார்கள்.

"வா போகுஷா, நல்லா ஓய்வெடுத்தியா? முகம் பளபளன்னு இருக்கே" என்றார் அவர். "எனக்கும் ஏதாவது முடிச்சு விழுந்தா தேவலை."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் நான் தொண்டைக்காக ஆளிவிதைக் கஞ்சி குடித்துக்கொண்டு, வீட்டில் துண்டுச்சீட்டு எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததை இவர்களிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் ஏன் அவல் கொடுக்க வேண்டும்?

சிரிக்காத ஒருத்தி இர்மினா. எனக்குப் பதிலாகப் போன வருடம் வேதியியல் எடுத்தவள், முப்பது வயது. நான் திரும்பி வந்ததால் அவளுடைய பாட நேரம் பாதியாகச் சுருங்கிவிட்டது. அவள் கோபம் நியாயம்தான். ஆனால் ஆய்வகத்தின் சாவியை அவள் தரவில்லை. எனக்கு ஒதுக்கியது உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பந்து அடிக்கிற சத்தம் ஓயாது.

மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடமான நாலு பி வகுப்பில் இருபத்தொன்பது பேர். மே மாதம் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவர்கள். முதல் நாளே என்னால் குரல் உயர்த்த முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கரும்பலகை பக்கம் திரும்பினால் சந்தை கூடிவிடும்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டீச்சர், கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்பான் கிராட்சியான். கடைசி பெஞ்சுக்காரன் அவன்தான். மாணவர் மன்றத் தலைவனும் அவன்தான்.

இரண்டாவது வாரம் எழுத்துத் தேர்வு வைத்தேன். இருபது பேருக்கு மதிப்பெண் ஒன்று. ஒன்று என்றால் எங்கள் ஊரில் தோல்வி, ஐந்து என்றால் மிக நன்று. இர்மினாவிடம் அதே இருபது பேரும் ஐந்து வாங்கியவர்கள். அன்று மாலையே பெற்றோர்கள் புகார்களாக அனுப்பித் தள்ளினார்கள்.

தலைமையாசிரியர் லுட்விக் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. யாரும் தன் கதவைத் தட்டக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கொள்கை.

"அந்தத் தேர்வை ரத்து பண்ணிடுங்க மேடம். பிள்ளைங்க முதல்ல உங்களுக்குப் பழகட்டும். இப்போதைக்கு வாய்மொழியாக் கேட்டு மார்க் போடுங்க."

"வகுப்புல யாரும் அடங்குறதே இல்ல சார். நான் கத்தவும் கூடாது."

"அதான் நானும் யோசிக்கிறேன். அக்டோபர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, உங்க வகுப்புல வந்து உக்காருறேன். உங்களால முடியுதுன்னா நல்லது. முடியலேன்னா நாலு பி-யையும் மத்ததையும் இர்மினாகிட்ட கொடுத்துடலாம். உங்களை நூலகத்துல போட்டுடறேன். அங்க பேசவே வேணாம்."

உபகாரம் செய்கிற குரலில்தான் சொன்னார். நூலகத்தில் அட்டை போடுவதற்கா நான் ஒரு வருடம் ஊமையாக இருந்தேன்?

என்னிடம் மிச்சமிருந்தது வாய்மொழிக் கேள்வி. அதை நான் எப்போதும் ஒரே மாதிரிதான் செய்வேன். இன்று ஒன்பதாம் தேதி என்றால் வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் கரும்பலகைக்கு வர வேண்டும். முப்பது, முப்பத்தொன்று வந்தால் இரண்டு இலக்கத்தையும் கூட்டிக்கொள்வேன். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது. பாதி ஆசிரியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். என் ஆசிரியரும் இப்படித்தான் செய்தார்.

இதோடு எங்கள் பள்ளியில் அதிர்ஷ்ட எண் என்று ஒன்று உண்டு. தினமும் காலையில் மாணவர் மன்றம் ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து, வாசல் பலகையில் ஒட்டும். பதிவேட்டில் அந்த எண் கொண்ட மாணவரை அன்றைக்கு எந்த வகுப்பிலும் கேள்வி கேட்கக் கூடாது. தேதியும் அதிர்ஷ்ட எண்ணும் ஒன்றாகிவிட்டால் நான் அடுத்த எண்ணைக் கூப்பிடுவேன்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அற்புதம் நடந்தது. நான் கூப்பிட்ட பிள்ளை எழுந்து வந்து, தடுமாறாமல் சமன்பாடு எழுதிக் காட்டும். அதைக் கேட்க வகுப்பும் ஓரளவு அடங்கும். ஒருவன் ஐந்து வாங்கினான், அடுத்தவளும் ஐந்து. குசுகுசுவென்று பேசியே ஒரு வகுப்பை நிமிர்த்திவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அக்டோபர் பதினான்கு ஆசிரியர் தினம். இர்மினாவுக்குக் கை கொள்ளாத ரோஜா. எனக்கு நாலு பி ஒரு சாமந்தித் தொட்டி கொடுத்தது. நவம்பர் வந்தால் கல்லறைகளில் வைக்க வாங்குகிற சாமந்தி. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை ஏழேகாலுக்கே பள்ளியில் இருந்தேன். வாசலில் கிராட்சியான் சீட்டுப் பெட்டியோடு தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னிக்கு நான் எடுக்கிறேன், கொடு" என்றேன். படபடப்பில் வந்த ஆசை, வேறொன்றும் இல்லை.

"வேணாம் டீச்சர், அது வந்து, மன்றத்து ஆளுங்கதான்..."

அதற்குள் கையை விட்டுவிட்டேன். கையோடு நாலைந்து சீட்டு வந்தது. முதல் சீட்டில் இருபத்திரண்டு. இரண்டாவதிலும் இருபத்திரண்டு. மற்றவற்றிலும் அதேதான்.

தேள் கொட்டிய திருடனாக நின்றான்.

"எத்தனை நாளா நடக்குது?"

"உங்க பாடம் இருக்கிற நாள்ல மட்டும்தான் டீச்சர். செவ்வாயும் வியாழனும்." இத்தனை பாடமாகத் தேதியும் அதிர்ஷ்ட எண்ணும் ஒன்றாகவே வந்ததை, ஐந்து போடுகிற சந்தோஷத்தில் நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

"ஏன்?"

"தேதியும் அதிர்ஷ்ட எண்ணும் ஒண்ணா இருந்தா நீங்க அடுத்த நம்பரைத்தானே கூப்பிடுவீங்க? அப்போ அந்த ஒரு ஆள் மட்டும் படிச்சா போதும்."

"தேதிக்காரனையே நேரா படிக்க வைக்கலாமே. இவ்வளவு கஷ்டம் எதுக்கு?"

"தேதிக்காரன் படிச்சிருந்தா நீங்க சந்தேகப்படுவீங்க டீச்சர். எதிர்பாராம மாட்டினவன் பதில் சொன்னா ஆசிரியருக்குப் பெருமையா இருக்கும்."

பதினெட்டு வயதுப் பையன். இந்த அறிவில் கால்வாசியை வேதியியலில் காட்டியிருந்தால் எனக்கு இவனோடு பேச வேலையே இருந்திருக்காது.

"மத்த இருபத்தெட்டு பேர்?"

"அவங்கவங்க முறை வரும்போது படிப்பாங்க."

"இர்மினா டீச்சர்கிட்டயும் இப்படித்தானா?"

"அவங்க கேள்வியே கேக்க மாட்டாங்களே" என்றான், கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டதுபோல.

சீட்டுகளைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். ஒன்றை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அவன் அதைப் பலகையில் ஒட்டினானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மூன்றாவது பாடவேளை. தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் கிராட்சியானுக்குப் பக்கத்திலேயே நோட்டோடு உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் பந்து இடித்துக்கொண்டிருந்தது. நான் பதிவேட்டைத் திறந்தேன்.

"இன்னிக்கு இருபத்திரண்டு."

"அது அதிர்ஷ்ட எண் டீச்சர்" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

ஐந்தாம் எண்ணைக் கூப்பிடலாம். பதினொன்றைக் கூப்பிடலாம். யாரைக் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வகுப்புக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தலைமையாசிரியர் தன் கண்ணாலேயே பார்ப்பார். மே மாதத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இன்று உடைத்துவிட்டால் சரிசெய்ய நேரம் உண்டு. ஆனால் சரிசெய்யப் போவது இர்மினா. நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

கிராட்சியான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தை எல்லோரிடமும் சொல்லியிருந்தான் என்பது மற்ற முகங்களில் தெரிந்தது. இருபத்தொன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ இருபத்துமூணு" என்றேன். "கொர்னேலியா, போர்டுக்கு வா."

கொர்னேலியா வந்து எஸ்டர் உருவாகும் வினையை எழுதினாள். அழகாக எழுதினாள். ஒரு இடத்தில் தவறு செய்வதுபோல நிறுத்தி, தானே திருத்திக்கொண்டாள். அந்தத் திருத்தம்கூட ஒத்திகை பார்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குரலே உயர்த்தாம ஒரு வகுப்பு! மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க மேடம்."

ஆசிரியர் அறைக்குள் நான் போகும் முன்பே செய்தி போய்விட்டது. இர்மினா எழுந்து வந்து, ஆய்வகத்தின் சாவியை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"நாலு பி-க்கு வேதியியல் தெரியும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டு ஆசிரியர் என் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் வகுப்பு. நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நோட்டுகள் திறந்திருந்தன. என் இருபத்துநான்கு வருட வேலையில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் இரண்டு பேர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிராட்சியான் திரும்பி அவர்களை அதட்டினான். "டேய், சும்மா இருங்கடா. டீச்சர் நம்ம ஆளு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இவ்வளவு வெட்கம் அந்த முடிச்சு விழுந்து பேச முடியாமல் நின்றபோதுகூட எனக்கு வந்ததில்லை. ஜன்னல் பக்கம் உடனே அடங்கியது. நான் பதிவேட்டைத் திறந்தேன். தேதி இருபத்துநான்கு. இருபத்தைந்தாம் எண் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தது. நான் அதைக் கூப்பிட்டேன்.