அண்ணனின் வயிறும் அதன் வேறு பெயர்களும்

1

இந்தக் கதை முதலில் கட்டுரையாகத்தான் இருந்தது. 'வயிறு' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள், எத்தனை மாற்றுச்சொல் என்று ஒரு பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். உதரம், அகடு, மோடு, குட்சி என்று அடுக்கினேன். அடுத்த பத்தியில் வயிற்றில் புளி கரைப்பது, வயிற்றில் பால் வார்ப்பது, வயிறு எரிவது. (நாம் சமையலறையை அடுப்போடு சேர்த்து வயிற்றுக்குள் வைத்திருக்கிறோம் என்று ஒரு ஜோக் எழுதி, அடித்து, இப்போது மறுபடி சேர்த்துவிட்டேன்.)

அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தாள்.

"என்ன எழுதிட்டு இருக்கே?"

"வயிறு பத்தி, அண்ணி."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்போ எங்க கதையை எழுதேன். ஆனா பொய் கலக்காம எழுதணும்."

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: அன்று மதியம் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு

வேண்டாம். நிழலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது தொடக்கம்: அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்.

இது போதும். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், உதிரி பாகம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. அந்தச் சும்மாவைக் குறுக்கெழுத்துப் போட்டு நிரப்பினான். ஒரு கட்டத்தில் சிக்கிக்கொண்டால் எனக்குப் போன் வரும். "யானைக்கு மூணெழுத்து, 'க'வுல ஆரம்பிக்குது, சீக்கிரம்!" கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'குறுக்கெழுத்து'.

அண்ணி கண்ணாடிக் கடையில் பவர் சோதிப்பவள். நாள் முழுக்க வாடிக்கையாளர்களை எழுத்துப் படிக்க வைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் எழுத்தைக் கண்டாலே ஆகாது. அவன் கட்டங்களை அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

3

போன வருடம் மூளையில் ரத்தம் கசிந்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சோர்ந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, ஆனால் தப்பான வாசல் வழியாக. வீட்டில் புழங்கும் சொல் ஒன்றுகூட வரவில்லை. கட்டங்களில் நிரப்பிய சொற்கள் மட்டும் வந்தன. சிலருக்கு இப்படியும் ஆகும் என்பதற்கு மேல் டாக்டரும் எதுவும் சொல்லவில்லை.

ஒருநாள் "புனல், புனல்" என்று கேட்டிருக்கிறான். அண்ணி எண்ணெய் ஊற்றும் புனலைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தாகத்தையும் மறந்து சிரித்துவிட்டான். அவன் கேட்டது தண்ணீர்.

(இந்த இடத்தில் அண்ணி அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "நான் எங்கே அழுதேன்? அவரோட சேர்ந்து நானும்தான் சிரிச்சேன்" என்றாள். மாற்றிவிட்டேன்.)

4

பிறகு ஒரு மதியம் அண்ணி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலை வாரிக்கொண்டே திரும்பினால், அண்ணன் கட்டில் ஓரத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். நல்ல கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருக்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க? தலை சுத்துதா?"

"அகடு."

"என்ன, கடுகா? கடுகு எதுக்குங்க இப்போ?"

தலையை ஆட்டினான். மூச்சை இழுத்துக்கொண்டு வேறொன்றைத் தேடிப் பிடித்தான்.

"உதரம்."

சோர்ந்த வாயில் இரண்டாம் எழுத்து நசுங்கிவிட்டது. அவள் காதில் விழுந்தது 'உதிரம்'.

உதிரம் என்றால் ரத்தம். அது அவளுக்குத் தெரியும். சீப்பு கையிலிருந்து விழுந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், தலையணையைப் புரட்டினாள். எங்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியென்றால் மறுபடி மூளைக்குள்தான் கசிகிறது என்று முடிவு கட்டி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, "ரத்தம், ரத்தம்" என்று கத்தினாள். போன் எடுத்தவர் விலாசம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. உடனே வண்டியை அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இளவயது டாக்டர் ஒருத்தி, "ரத்தம்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியை அழுத்தினாள். அண்ணன் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும். நல்ல வேளை, உடனே கொண்டுவந்தீங்க" என்றாள்.

அண்ணியின் வயிற்றில் பால்

இல்லை, அந்தத் தொடர் கட்டுரையோடு போகட்டும். அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள். நடந்தது இவ்வளவுதான்.

5

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் ஒன்று உண்டு. அது நான்தான்.

அன்று நான் அங்கே இருந்திருந்தால் முதல் சொல்லிலேயே பிடித்திருப்பேன். அவனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே கட்டத்தில் சண்டை போட்டவர்கள். "அகடுன்னா வயிறு, அண்ணி. வெறும் வயித்து வலிதான், பயப்படாதீங்க" என்று சொல்லியிருப்பேன். சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.

இதை அண்ணியிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வயித்து வலின்னு தெரிஞ்சிருந்தா வெந்நீர் குடுத்துப் படுக்க வெச்சுட்டு, நான் பாட்டுக்குக் கடைக்குப் போயிருப்பேன். நல்லவேளை, நீ ஊர்ல இல்ல."

அதன்பிறகு என் மாற்றுச்சொல் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அண்ணியின் தப்பான பொருள்தான் அவனைக் காப்பாற்றியது.

6

முடிவுக்கு வருவோம். முதல் முடிவில், தையல் பிரித்த அன்று அண்ணன் "வயிறு" என்று தெளிவாகச் சொல்கிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது நடக்கவில்லை. இன்றுவரை அந்தச் சொல் அவனுக்கு வரவில்லை.

இரண்டாவது முடிவில் அண்ணி அகராதி வாங்கிப் படிக்கத் தொடங்குகிறாள். அவளுக்கு இதை வாசித்தேன். "எனக்கு வேற வேலையில்லையா?" என்றாள்.

மூன்றாவதை முடிவு என்று சொல்வதற்கில்லை, நேற்று நடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அண்ணன் ஒரு சொல் சொன்னான். எந்தக் கட்டத்திலும் நாங்கள் போடாத சொல். எனக்குப் புரியவில்லை.

அண்ணி "ச்சீ, போங்க" என்றாள். குரல் சட்டென்று இளகிவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன அண்ணி சொல்றான்?"

"அது உனக்கு இல்லை."

"அர்த்தமாவது சொல்லுங்க. எழுதிட்டு இருக்கேன் இல்ல?"

"எழுதிக்கோ. அந்த இடத்தை மட்டும் காலியா விடு."

விட்டிருக்கிறேன். அண்ணன் அண்ணியைப் பார்த்துச் சொன்னது:

( . . . . . . )

எத்தனை எழுத்து என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது துணி மடித்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் உங்கள் சொல் ஒன்றைப் போட்டு, போய்ச் சொல்லிப் பாருங்கள்.