ஐந்து ரூபாய் விரல்

"ஏனுங்கப்பா, புரோட்டாவ விடப் பிராந்தி வெல கம்மிங்களா?"

இப்படிக் கேட்டபோது வித்யாஸ்ரீக்கு ஆறு வயது. இரண்டாயிரத்தொன்றாம் வருஷத்து மே மாத லீவில், அப்பாவின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு வந்திருந்தாள். அப்பா செங்கோட்டையன் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். மலைமேல் வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே லைசென்ஸ் எடுத்து மதுக்கடை நடத்திவந்தார். மகளைப் பக்கத்துப் புரோட்டாக் கடையில் பொன்னம்மாளிடம் விட்டிருந்தார். ஐ.டி.ஐ. விடுதிப் பையன்கள் நாலு பேர் ஒரே தட்டுப் புரோட்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். பிறகு அப்பா கடைக்குப் போய் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கினார்கள். பிள்ளை கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டாள்.

"அது பெரியவங்க சமாச்சாரம், சாமி" என்று சொல்லி அப்பா முறுக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனால் பிள்ளை சொன்னது நிஜம். ஒரு தட்டுப் புரோட்டா எட்டு ரூபாய். அவர் கடையில் ஐந்து ரூபாய் இருந்தால் போதும்.

அது மலையில் மட்டும் நடந்த வியாபாரம். குவார்ட்டர் பாட்டில் முப்பத்தாறு ரூபாய். அவ்வளவு காசு பையன்களிடம் சேராது. ஆகவே பாட்டிலை உடைத்து டீ கிளாஸில் ஊற்றி, கிளாஸோடு விரலைப் படுக்கவைத்து அளந்து கொடுப்பார்கள். ஒரு விரல் பருமன் உயரத்துக்கு ஐந்து ரூபாய். அளப்பது கடைக்காரர் விரல்தான்.

அந்த வாரமே அத்தாயி கடைக்கு வந்தாள். மலைக்காரி. கொஞ்சம் மிளகுக் கொடியும் மரவள்ளியும் வைத்துப் பிழைப்பவள். புருஷன் இல்லை. ஒரே மகன் தமிழ்செல்வன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். போன வருஷம் தேறவில்லை. இந்த ஜூலையிலும் தவறினால் விடுதியில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

குடிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூச்சப்படாமல் கடையின் கம்பித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, ஊட்டுக்கு வர்றதுக்குன்னு பையங்கிட்ட இருவது ரூவா குடுத்துட்டுப் போனனுங்க. பஸ்ஸும் வந்துச்சு, கண்டக்டரும் எறங்கினாரு, எம் பையன் எறங்கல."

செங்கோட்டையனுக்கு ஞாபகம் இருந்தது. நாலு விரல்.

"கடைய மூடச் சொல்ல வந்தியா, அம்மிணி?"

"நாஞ் சொன்னா மூடுவீங்களாக்கும்? வெலய ஏத்துங்க, அது போதும். முப்பத்தாறு ரூவான்னா அவன் எங்க போவான்? கையில இருக்கறத வெச்சு எதாச்சும் தின்னுட்டு ஊடு வந்து சேருவான். நீங்க அஞ்சு ரூவாய்க்கு வித்தா, அவனுக்கு அதுவும் மிட்டாய் மாதிரித்தாங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஒரு வசவு இல்லை, கண்ணீர் இல்லை. வைதிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு பேச்சுப் பேசியிருக்கலாம் என்று இருந்தது செங்கோட்டையனுக்கு.

மறுநாள் அறப்பளீசுவரர் படத்துக்கு ஊதுபத்தி காட்டும்போதே முடிவு செய்துவிட்டார். இனி விரல் கிடையாது. மூடி திறக்காத குவார்ட்டர், அச்சடித்த விலை, அதற்குக் கீழே எதுவும் இல்லை.

பையன்கள் மூன்று நாள் கெஞ்சினார்கள். நாலாம் நாள் சாலையின் மறுகோடியிலிருந்த தனபால் கடைக்குப் போய்விட்டார்கள். தனபால் செங்கோட்டையனின் மனைவிக்குத் தம்பி.

இது நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கடை மட்டும் விலையை ஏற்றினால் பையன்களுக்கு நடைதான் கூடும், குடி குறையாது. நேரே மைத்துனனிடம் போனார்.

"வாங்க மாமா! கடைய மூடிட்டுக் கோயில்ல மணியாட்டப் போறீங்கன்னு பேசிக்கறாங்க?"

"நீயும் விரல நிறுத்து, மாப்ள."

"நல்லா இருக்குதே நாயம்! எங்கடைக்கு எதுக்கு வாறாங்க தெரியுமுங்களா? உங்க விரலு வெண்டைக்கா. எனக்குப் பாருங்க, வாழக்கா. அதே அஞ்சு ரூவா. பயலுவளுக்குக் கணக்குத் தெரியும் மாமா."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கோட்டையனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"உஞ் சரக்க என்ற ஜீப்புலதான மேல ஏத்தறேன்? எழுவது வளைவுக்கும் பெட்டிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறனே, அது இனி வேண்டாம். நீ விரல நிறுத்தி வெச்சிருக்கற வரைக்கும் சும்மாவே ஏத்தறேன்."

தனபாலின் சிரிப்பு நின்றது. ஜீப்பில் ஏற்ற மாட்டேன் என்று மாமா மிரட்டுவார், அப்போது சண்டை போடலாம் என்று அவன் தயாராக இருந்தான். விட்டுக்கொடுக்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது?

"நெசமாவா?"

"சூடம் வேணும்னா கொண்டா. அணைச்சே சொல்றேன்."

சூடம் கொளுத்தினார்கள். இரண்டு பேரும் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அணைத்த கையை உதறிக்கொண்டே தனபால், "அக்காகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. கூலிய விட்டுட்டு வந்தீங்கன்னு உங்களத்தான் வையும்" என்றான்.

பையன்கள் சும்மா இருக்கவில்லை. முதல் வாரம் நாலு பேர் காசைச் சேர்த்து ஒரு குவார்ட்டர் வாங்கினார்கள். அடுத்த வாரம் ஒருவனிடம் காசு இருந்தால் இன்னொருவனிடம் இல்லை, போட்டவன் அதிகம் கேட்டான், சண்டையாயிற்று. உதவித்தொகை வரும் நாளில் மட்டும் கடைப்பக்கம் தலை தெரிந்தது. மற்ற நாட்களில் பொன்னம்மாள் கல்லில் மாவு போதவில்லை.

ஜூன் கடைசியில் தமிழ்செல்வன் தனியாக வந்து இருபது ரூபாயை நீட்டினான்.

"விரலு இல்ல, கண்ணு. முப்பத்தாறு."

"மீதி நாளைக்குத் தாரனுங்க."

"கடனும் இல்ல."

அவன் நின்றான். பசித்த முகம். வெறுங்கையோடு விடுதிக்குப் போகவும் கால் வரவில்லை. செங்கோட்டையன் கம்பிக்கு வெளியே வந்து அவன் தோளில் கை போட்டு அடுத்த கடைக்குக் கூட்டிப் போனார்.

"பொன்னம்மா, எனக்கும் இவனுக்கும் எல போடு."

"பிராந்திக்காரர் புரோட்டாவுக்கு வர்றாரு, மழதான் வரப்போகுது!" என்றாள் பொன்னம்மாள்.

சாப்பிடும்போது அவர் புத்தி சொல்லவில்லை. ஃபிட்டர் வேலையில் எது கஷ்டம் என்று கேட்டார். அரம் பிடித்து ராவுவதுதான் என்றான் அவன். கை நடுங்கினால் அளவு போய்விடுமாம். இருபது ரூபாய் பையில் அப்படியே இருந்தது. கடைசி பஸ்ஸில் ஏறி அம்மாவிடம் போனான்.

ஜூலைப் பரீட்சையில் தேறினான். எல்லாப் பையன்களும் தேறிவிடவில்லை. ஆனால் அந்த வருஷம் குடித்துவிட்டுப் பரீட்சைக்கு வராமல் போனவன் ஒருவனும் இல்லை.

செப்டம்பரில் ஒரு சந்தை நாள். மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற அத்தாயியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார் செங்கோட்டையன். பையனுக்குச் சேலத்தில் பட்டறை வேலை கிடைத்ததை வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தாள். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை நெருங்கும்போது பேச்சுவாக்கில் வேறொன்றும் சொன்னாள்.

"போன வருசம் லீவு லீவுக்கு வந்து தோட்டத்துக் கல்லுக்கரைய எடுத்துக் கட்டறேன்னான். அப்ப அவன் குடியில இருந்த இருப்புக்கு எங்கிங்க வாறது? மழைக்குச் சரிஞ்சது, ஒரு பாத்தி மண்ணு போச்சு. இனி அவனுக்கு ஏது லீவு? கெடக்குது போங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அவளைச் சந்தையில் இறக்கிவிட்டார். தானும் அங்கே சாமான் வாங்க வேண்டியிருந்தது. வாங்கவில்லை. ஜீப்பை மலைக்கே திருப்பினார்.

அத்தாயி வீடு பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் ஆள் இல்லை. மேல்பாத்திக்கும் கீழ்ப்பாத்திக்கும் நடுவே ஆறேழு முழத்துக்குக் கரை வாய் பிளந்திருந்தது. உருண்டு கிடந்த கல்லெல்லாம் மரவள்ளிக்குள் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். பெரிய கல்லை அடியில் போட்டு, சந்துக்குச் சின்னக் கல்லை அடித்து, மண் குத்தி வரிசை வரிசையாக ஏற்றினார். காட்டு வேலை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இடுப்பு பிடித்தது, நகம் ஒன்று பெயர்ந்தது. பொழுது சாய்வதற்குள் கரை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, கடைசி பஸ் அவளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்னே ஜீப்பைக் கிளப்பினார்.