வேறு கம்பெனிக்கு மாறியவர்

அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. ஒரு காலணிக் கம்பெனிக்காகக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேர் அவர்களுடைய தோல் ஷூவைத்தான் போட்டார்கள். இப்போது வேறு மூன்று கம்பெனிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. விட்டுப் போனவர்கள் யார், எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டுப் படிவம்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மற்ற வீடுகளில் வாசலோடு சரி. இவர் உள்ளே உட்காரவைத்து மின்விசிறியையும் போட்டார். தன் செருப்பைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேச்செல்லாம். அச்சகத்தில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலையாம். இருபத்தாறு வருஷமாக இந்தக் கம்பெனியின் பழுப்பு ஷூதான், எட்டாம் நம்பர். கடைக்காரர் வேறு எதை எடுத்துப் போட்டாலும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாராம்.

"என்னையே ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு. ஷூவ மட்டும் பாக்காமயே வாங்குவாரு."

சிரித்துக்கொண்டே குறித்தேன். கடைசியாக வாங்கியது எந்தக் கம்பெனி என்று கேட்டதும், போட்டிக் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொன்னார். ஏன் மாறினார் என்று கேட்டேன்.

"கால் வீங்கிடுச்சும்மா. கிட்னி. பழசுல விரலே நுழையல. உங்க கம்பெனியில அகலமா எதுவும் வர்றதில்லன்னுட்டாங்க. நாலு கடை ஏறி எறங்கி, அந்தக் கம்பெனியிலதான் கெடச்சுது."

அதைப் போட்டுக்கொண்டு, தப்பு செய்தவர் மாதிரி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தபடியே நின்றாராம்.

எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த ஜோடி எப்போது வாங்குவார்?

அந்த அம்மா மேசைமேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தார்.

"பதினோரு நாள்தான் போட்டாரு," என்றார். "போன மாசம் போயிட்டாரு."

உயிரோடு இல்லாதவர்களின் விவரம் செல்லாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவர் என் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினத அழிச்சிட மாட்டீங்களே?"

இல்லை என்றேன். அடுத்த ஜோடி பற்றிய கேள்விக்கு 'தெரியாது' என்று குறித்துவிட்டுப் போன் நம்பர் கேட்டேன். வீட்டுக்காரரின் நம்பரையே கொடுத்தார். அந்தப் போன் ஜன்னலோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பத்துக்கு ஒரு படிவத்தைப் போனில் சரிபார்ப்பார்கள் என்பது, மறுநாள் மதியம் வேறொரு வீட்டு வாசலில் நின்றிருந்த என்னைச் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. எந்த வீடு என்று அவர் சொன்னதும், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் அவர். "அந்தம்மா ஒண்ணு விடாம சொன்னாங்க. அவர்கிட்ட குடுங்கன்னேன், வெளிய போயிருக்காருன்னாங்க. சாயங்காலம் கூப்பிடணுமாம், வந்துடுவாராம். கூப்பிடவா?"

வேண்டாம் என்றேன். பேசி முடித்த பிறகுதான், சாயங்காலம் அந்த அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது.

அதற்குள் நான் மணியடித்திருந்த வீட்டின் கதவு திறந்தது. எங்கோ அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது; ஒரு காலில் மட்டும் ஷூவோடு வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்டார்.